சிங்கக்கால் பெட்டி

அத்தியாயம் 9: கோமுகி

கண்மணி மேல் உங்களில் பாதிப் பேருக்குக் கோபம் என்று எனக்குத் தெரியும். போன வாரம் நல்லுசாமி அந்தப் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்து, "அடடே, இது கோமுகியாச்சே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டபோது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வாயை மூடிக்கொண்டு நின்றாளே என்று கோபம். மீதிப் பாதிப் பேர் "நல்லா வேணும் அந்த ஆளுக்கு" என்கிறீர்கள். நான் இரண்டாவது கட்சி. மறைக்கப்போவதில்லை.

இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கண்மணியின் அப்பா இராமலிங்கம், கொடைக்கானலில் கார்ட்ரைட் துரையின் பங்களாவில் பட்லர். நாற்பத்தொன்பதாம் வருஷத்துத் தைப்பூசத்துக்கு வில்பட்டிப் பாதையில் நடந்தே பழனிக்கு இறங்கினார். பையில் ஒரு பாட்டில் இருந்தது. மரச்சாமானுக்குப் பூசுகிற பாலிஷ், ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்தது. மதுவிலக்கு வந்த புதிது அது. அடிவாரத்தில் மதுவிலக்குக் கமிட்டித் தலைவர் நல்லுசாமி பையைப் பிடுங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து, "சாராயம்!" என்று கூவினார். பாட்டிலைக் கயிற்றில் கட்டி இராமலிங்கத்தின் கழுத்தில் மாட்டி, காவடிக் கூட்டத்துக்கு நடுவே பொழுது சாயும்வரை நிற்க வைத்தார். மலையேற விடவில்லை.

திரும்பி வந்த மனிதர் அதன் பிறகு பழனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டு பூசம் கழிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கண்மணியைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம், "சாராயம் கடத்துன பட்லர் வீடா?" என்று கேட்டுவிட்டு வாசலோடு திரும்பினார்கள். மிஷன் பள்ளியில் படித்தவள், இங்கிலீஷ் பேசுகிறவள், கல்யாணம் என்ற பேச்சையே விட்டுவிட்டாள். தம்பி ஞானவேலுடன் நாயுடுபுரத்தில் பழைய சாமான் கடை வைத்தாள். வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போகப் போக, அவர்களுடைய பங்களாச் சாமான்கள் எல்லாம் அவள் கடைக்கு வந்தன. கடைசியில் கார்ட்ரைட் துரைசாணியின் ரோமாபுரிச் சாமான்களும் வந்தன. அவற்றைத் தேடி, கண்மணி யாரென்றே தெரியாமல், நல்லுசாமியும் வந்தார்.

இன்று அவர் பெட்டியை எடுத்துப்போக வருகிற நாள்.

தை மாதத்துப் பனி தகரக் கூரைகளில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அம்மா சண்முகவள்ளி விடிவதற்கு முன்பே கடைக்கு வந்து, புளியும் சாம்பலும் கலந்து பெட்டியின் முன்பக்கத்துப் பித்தளைச் சிங்க முகத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை.

"நல்லா மின்னட்டும்டி" என்றாள். "பூசத்தன்னிக்கு அடிவாரத்துல நிக்கிற அத்தன சனமும் கண்ணு கூசிப் பாக்கணும். அப்புறம் அவன் மூஞ்சியப் பாக்கணும்."

கடையின் ஒரு பக்கம் முழுக்க ரோமாபுரிதான். கத்தரிக்கோலை விரித்து வைத்தாற்போல் குறுக்கே கால் போட்ட நாற்காலி ஒன்று; ரோமாபுரியில் நீதி சொல்கிற அதிகாரிக்கு மட்டும்தான் அப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார உரிமையாம். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த கட்டில் ஒன்று. அந்த ஊர்ப் பணக்காரர்கள் சாய்ந்து படுத்துக்கொண்டே சாப்பிடுவார்களாம். "செரிக்குமா அக்கா?" என்று ஞானவேல் முதல் நாளே கேட்டான். எதுவும் ரோமாபுரியிலிருந்து வந்ததில்லை. அங்கே மண்ணைத் தோண்டி எடுத்த பழைய உருப்படிகளைப் பார்த்து, கார்ட்ரைட் துரையின் பாட்டனார் காலத்தில் லண்டன் தச்சர்கள் மகாகனி மரத்தில் செய்தவை.

பெட்டிதான் எல்லாவற்றிலும் அழகு. கீழே போகப் போகக் குறுகும் உடம்பு, வீட்டுக் கூரை மாதிரி இரு பக்கமும் சரிந்த மூடி, நகம் தெரியச் செதுக்கிய நான்கு சிங்கப் பாதங்கள். முன்னால் அடியில், வாய் திறந்த சிங்க முகம். உள்ளே முழுக்க ஈயத் தகடு.

ரோமாபுரியின் பெரிய மனிதர்களைச் செத்த பிறகு கல்பெட்டியில் வைத்து மூடுவார்களாம். அதைப் பார்த்துச் செய்த வடிவம் இது. செய்தது எதற்கென்றால், சாப்பாட்டு அறையில் வைத்து, உள்ளே பனிக்கட்டியைக் கொட்டி, ஒயின் பாட்டில்களையும் பிராந்தியையும் குளிரவைக்க. உருகிய தண்ணீர் சிங்கத்தின் வாய் வழியாக வெளியே வடிந்துவிடும். பிணப்பெட்டியின் சாயலில் ஒரு சாராயப் பெட்டி! வெள்ளைக்காரன் ரசனையை நாம் என்ன சொல்ல?

நல்லுசாமி பழனிக்காரர். சன்னதியிலிருந்து அபிஷேகத் தீர்த்தம் வெளியே வந்து விழுகிற கோமுகியைப் பிறந்ததிலிருந்து பார்த்துக் கும்பிட்டு வளர்ந்தவர். தண்ணீர் வடிகிற துவாரத்தையும் அதில் ஒரு மிருகத்தின் வாயையும் பார்த்தவுடன் அவருக்கு வேறென்ன தோன்றும்? தானாகவே கோமுகி என்றார். தானாகவே இது வெள்ளைக்காரன் எந்தக் கோயிலிலிருந்தோ பார்த்துச் செய்தது என்றார். கண்மணி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

கமிட்டியின் பத்தாம் ஆண்டு விழா பூசத்தன்று அடிவாரப் பந்தலில் நடக்கிறது. மேடையில் இந்தப் பெட்டி; அதில் சாமிக்குப் போகும் மாலைகள். சென்னையிலிருந்து ஒரு மந்திரி வேறு வருகிறார். அந்தக் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று, அது என்ன பெட்டி என்று கண்மணி சொல்லப்போகிறாள். அப்பா நின்ற அதே இடத்தில் நின்று சொல்லப்போகிறாள். இதுதான் அவள் போட்ட திட்டம்.

ஞானவேல் மட்டும்தான் அதற்குக் குறுக்கே நின்றான். பூசத்துக்கு விரதம் இருக்கிறவன். அந்தப் பனியிலும் செருப்பில்லாமல் நடந்தான். "முருகா" என்று சொல்லாமல் உளியைக்கூடக் கையில் எடுக்கமாட்டான்.

"சாமிக்குப் போற மாலைய அதுல வைக்கப்போறாருன்னு தெரிஞ்சும் குடுக்கிறியேக்கா" என்றான்.

"வைக்கிறது அவரு. நான் வைக்கல."

"முருகனையும் சேத்துப் பழி வாங்குறியா?"

கண்மணி பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அப்பா கழுத்துல பாட்டிலோட நின்னப்ப முருகன் மேலதான இருந்தாரு? எறங்கி வந்தாரா?"

"அப்படிக் கேளுடி!" என்றாள் அம்மா.

ஞானவேல் பெட்டியைக் கட்டுவதற்குக் கயிறு எடுக்கப் போனான். மூன்று பேரில் ஒருவனுக்காவது நல்ல மனசு இருக்கிறதே என்று நானும் அப்போது நினைத்தேன்.

நல்லுசாமி காரில் வந்தார். பின்னாலேயே லாரி. வெள்ளைக் கதர், நெற்றி நிறையத் திருநீறு, கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். கூடவே கமிட்டிச் செயலாளர் தண்டாயுதபாணி, கையில் தேங்காய் பழத் தட்டுடன் இறங்கினார்.

"ஏம்மா, பெட்டி ரெடியா? வெரசா ஏத்துங்கப்பா. ராகுகாலத்துக்கு முன்ன கெளம்பணும்."

பெட்டியைக் கடை வாசலில் இறக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கடை முகைதீன் பாய், டீக்கடையில் நின்றவர்கள், மேல்மலைக் கிராமமான போளூரிலிருந்து சந்தைக்குப் போகிறவர்கள் என்று பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். நல்லுசாமிக்குக் கூட்டம் கூடினால் குரல் இன்னும் ஏறும். மூடியைத் திறந்து உள்பக்கத்தை விரலால் தட்டினார்.

"பாரும்யா தண்டாயுதபாணி, வெள்ளைக்காரன் எப்பிடி ஈயம் பூசிருக்கான்னு. எங்க வீட்டுல ஈயச் செம்புல ரசம் வச்சாத்தான் எனக்கு எறங்கும். இவ்வளவு ஈயம் பூசின பாத்திரத்துல போயி மாலைய வைக்கலாமா? மாலைக்கு ஒரு கூடை பத்தாதா?"

கண்மணி நெருங்கி வந்தாள். "பின்ன என்ன வைக்கப்போறீங்க?"

"பஞ்சாமிர்தம்!" என்று கைகளை விரித்தார். "விழாவுக்கு முன்னாலயே கரைச்சு நெரப்பி ஊற வச்சிருவோம். தேனக் கூட விட்டு எளக்கமாக் கரைச்சா, கோமுகியத் தொறந்ததும் தானா எறங்கும். மொதக் கை மந்திரிக்கு. அப்புறம் பிள்ளை குட்டி அத்தனையும் கையேந்தி நிக்கும். எந்த மண்டகப்படியிலயாச்சும் இப்படி நடந்திருக்கா?"

கூட்டத்தில் யாரோ "ஆகா" என்றார்கள்.

கண்மணியின் கண் உள்ளேயிருந்த ஈயத் தகட்டுக்குப் போயிற்று. சின்ன வயதில் பங்களாவில், பனிக்கட்டி உருகி இந்தச் சிங்க வாயிலிருந்து சொட்டிய தண்ணீரை ஒரு நாள் கையில் பிடித்துக் குடிக்கப் போனாள். துரைசாணி ஓடி வந்து கையைத் தட்டிவிட்டாள். இது நீங்கள் ரசம் வைக்கிற வெள்ளீயம் இல்லை, காரீயம், விஷம் என்றாள். ரோமாபுரிக்காரர்கள் காரீயச் சட்டியில் பழச்சாற்றைக் காய்ச்சிக் குடித்தே புத்தியும் கெட்டு, பிள்ளைகளையும் வாரிக் கொடுத்தார்கள் என்று கதை சொன்னாள். தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே பேர் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கு அப்பாவும் சொன்னார்.

அம்மாவையும் தம்பியையும் கடையின் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, அது காரீயம். பஞ்சாமிர்தத்தப் போட்டு ஊற வச்சா வெசமாயிரும்."

சண்முகவள்ளி அசையவில்லை. "ஒரு வாய் பஞ்சாமிர்தத்துல ஒருத்தரும் செத்துரமாட்டாக."

"பச்சப் புள்ளைக திங்கும்மா!"

"அன்னிக்கு அந்தப் புள்ளைகளப் பெத்தவகதான உங்கப்பாவப் பாத்துச் சிரிச்சாக? ஒருத்தி கல்லக் கூட எறிஞ்சா. மறந்திட்டியா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது சரிதானே என்று கண்மணிக்குப் பட்டது. பட்டது என்பதை நான் மறைக்க மாட்டேன். உடனே தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. பழி நல்லுசாமி மேல். கையேந்தி நிற்கப்போகிற யாரோ ஒரு குழந்தைமேல் இல்லை.

"போயிச் சொல்லிரு அக்கா" என்றான் ஞானவேல்.

"சொன்னா எல்லாம் போச்சுல்ல?" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். "எட்டு வருசமா இதுக்குத்தான உசிர வச்சிக்கிட்டு இருக்கேன்."

கண்மணி கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஐயா, ஒரு வார்த்தை. அது வெள்ளீயம் இல்ல. காரீயம். அதுல திங்கிற பண்டத்தப் போட்டா வெசம். வேற எதுக்கு வேணும்னாலும் வச்சிக்கங்க, பஞ்சாமிர்தம் மட்டும் வேண்டாம்."

நல்லுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எனக்குத் தெரியும் தாயி இந்த யேவாரத் தந்திரம். எவனோ பெரிய எடத்துக்காரன் இதுமேல கண்ணு வச்சிட்டான். குடுக்க மனசில்ல. அப்படித்தான?"

"சத்தியமாச் சொல்றேன்..."

"தண்டாயுதபாணி, சூடத்த ஏத்தும்."

செயலாளர் பெட்டிக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தினார். நல்லுசாமி மாலையைக் கூரை மூடியின் மேல் சாத்தி, சிங்க முகத்துக்குச் சந்தனம் வைத்து, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "முருகா! தண்டபாணி!" என்று கண்ணை மூடினார். கூட்டத்திலும் நாலைந்து பேர் கும்பிட்டார்கள்.

எந்தக் காட்சியைப் பூசத்தன்று பார்க்க அவள் இத்தனை நாள் காத்திருந்தாளோ அதே காட்சி. இப்போது வாயைத் திறந்தால் இந்த நாயுடுபுரத்துக் கடைவாசலோடு எல்லாம் முடிந்துவிடும். மந்திரி இல்லை, அடிவாரம் இல்லை. ஆனால் இந்த மனிதரைத் தடுக்க வேறு வார்த்தையும் கிடையாது.

"ஐயா, கண்ணத் தொறங்க" என்றாள். "நீங்க கும்பிடுறது சாராயப் பெட்டிய."

டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"என்ன சொன்ன?"

"துரை வீட்டுல பிராந்திப் பாட்டில அடுக்கிப் பனிக்கட்டி போட்டு வைக்கிற பெட்டி இது. கோமுகி இல்ல, பனிக்கட்டி ஒழுகுற ஓட்டை. உருவமும் ரோமாபுரிக்காரன் பொணத்த வைக்கிற பெட்டியோட உருவம். மதுவிலக்குக் கமிட்டித் தலைவரு சூடம் ஏத்திக் கும்பிடுறீங்க."

"பொய்!"

முகைதீன் பாய் தொண்டையைச் செருமினார். "பொய்யில்லீங்க. பங்களாவுக்குச் சோடாவும் பனிக்கட்டியும் போட்டது எங்க கடைதான். அதுல பாட்டில் நெரந்து நின்னத நானே பாத்திருக்கேன்."

முதலில் ஒருவன் சிரித்தான். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்து இன்னொருவன் சிரித்தான். அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு. நல்லுசாமியின் முகம் கறுத்துப்போயிற்று. கூப்பிய கையை இறக்கவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றார். அந்தச் சிரிப்பு கண்மணிக்குத் தேனாக இனித்தது. உள்ளேயிருந்து அம்மா வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

"நான் யாருன்னு தெரியுதா?" என்றாள் கண்மணி. "பட்லர் ராமலிங்கத்தோட மக. நீங்க கழுத்துல பாட்டிலக் கட்டித் தொங்கவிட்டீங்களே, அவரு மக."

தண்டாயுதபாணி தலைவரின் தோளைத் தொட்டார். "வாங்க, போயிரலாம். பெட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

நல்லுசாமி அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவர் முட்டாள் இல்லை. இத்தனை வருஷம் ஊரைக் கட்டி மேய்த்தவர். "ஏன்யா போகணும்?" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படிக் கத்தினார். "இது சாராயம் கடத்துனவன் மக. கமிட்டி மேல ஆத்திரம். அதான் சாமிக்குப் போற சாமானுக்குப் பழி சொல்றா. நான் பெட்டியோடதான் போவேன். ஏத்துங்கப்பா!"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. சிலர் கண்மணியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஊர் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது! லாரிக்காரர்கள் வர, ஞானவேல் பெட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான். இவன் ஏன் இதைச் செய்கிறான் என்று கண்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்லுசாமி மூடியில் கையை ஊன்றி அவள் பக்கம் குனிந்தார். இப்போது குரல் அவளுக்கு மட்டும்.

"இப்ப விட்டுட்டுப் போனா நான் சாராயப் பெட்டியக் கும்பிட்டவன். எடுத்துட்டுப் போனா நீ பொய்க்காரி. புரியுதா? நான் கோமுகின்னா கோமுகிதான். ஊரு நான் சொல்றதத்தான் நம்பும். உங்கப்பன் பாட்டில்ல இருந்தது பாலிஷ்தான். ஆனா நான் சாராயம்னேன். ஊரு நம்புச்சில்ல?"

கண்மணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பாலிஷ்னு உங்களுக்கு... தெரியுமா?"

"கொண்டாரச் சொன்னதே நான்தானே! என் வீட்டு ஊஞ்சலுக்குப் பூசணும்னு ஆள் விட்டுச் சொன்னேன். வந்தவனோட பைய, கூட்டத்துல எவனோ ஒருத்தன் தொட்டுப் பாத்துட்டான். ஸ்பிரிட்டு வாடை அடிச்சிருச்சு. கமிட்டித் தலைவனுக்கு வந்த பாட்டில்னு தெரிஞ்சா என் கதி என்ன? நான் முந்திக்கிட்டேன்." அவர் நிமிர்ந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "உங்கப்பன் என் மூஞ்சியப் பாத்தான். வாயத் தொறக்கல. நல்ல மனுசன்."

எட்டு வருஷமாக அவள் அவரை ஒரு மடையர் என்றுதான் நினைத்திருந்தாள். வாசனைக்கு வித்தியாசம் தெரியாத, வெறி பிடித்த மடையர். மடையனை ஊர் சிரிக்க வைத்தால் கணக்குத் தீர்ந்துவிடும். இது அப்படி இல்லை. தெரிந்தே செய்திருக்கிறார். அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் வீட்டு மூலையில் சுவரைப் பார்த்தபடி படுத்துப் படுத்தே செத்தார். இப்போது கத்திச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அந்தச் சமயத்தில் ஞானவேல் எழுந்து முன்னால் வந்தான். இடுப்பு வளைந்து கும்பிட்டான்.

"மொதலாளி, அக்கா பேசுனத மனசுல வச்சுக்காதீங்க. பெட்டிய எடுத்துட்டுப் போங்க. ஒண்ணே ஒண்ணு, அந்த ஈயத்த மட்டும் உரிச்சிருவோம். நாளைக்கு எவனும் வாயத் தொறக்க எடமிருக்காது. நானே கூட வந்து உள்ள பித்தளைத் தகடு அடிச்சு, பாலிஷும் போட்டுத் தாரேன்."

"ஏலே!" என்று அம்மா அலறினாள். "நீ உங்கப்பாவுக்குப் பொறந்தவனாடா? அப்பனக் கொன்னவன் கால்ல போயி விழுகிறியே!"

நல்லுசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "கேட்டீங்கல்ல? மகனே சொல்லிட்டான். ஆம்பளைப் பிள்ளைக்கு அறிவிருக்கு" என்றார். அவனுடைய முதுகில் தட்டினார். "உரிடா. உரிச்சுட்டு லாரில ஏறு. விழா முடியிறவரைக்கும் நம்ம வீட்டுலயே தங்கிக்க. சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கதான். உங்கப்பன மாதிரி நீயும் நல்ல வேலைக்காரன்."

ஞானவேல் உளியை எடுத்தான். "முருகா" என்று சொல்லவில்லை. பெட்டிக்குள் தலையை நுழைத்து ஈயத் தகட்டை ஓரத்திலிருந்து நெம்பினான். கனத்த சாம்பல் நிறத் தகடு மெதுவாகக் கிழிந்து வந்தது. கண்மணி வாசல் தூணில் சாய்ந்து அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. சனங்களுக்கு ஒன்றும் ஆகாது, அந்த மட்டுக்கும் சரி. ஆனால் இவனும் அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டானே!

கூட்டம் கலைந்தது. நல்லுசாமியின் கார் முன்னால் போயிற்று. பெட்டியை லாரியில் ஏற்றினார்கள். ஞானவேல் தன் பையில் உளி, சுத்தியல், அரக்கு எல்லாவற்றையும் போட்டான். கடைசியாக, உரித்த ஈயத் தகட்டைச் சுருட்டிச் சாக்குத் துணியில் பொதிந்து, அதையும் பையின் அடியில் வைத்தான்.

கண்மணி ஆத்திரத்தோடு லாரியருகே போனாள். "அத எதுக்குடா எடுத்துட்டுப் போற? இங்க போட்டுட்டுப் போ. பித்தளைதான அடிக்கப்போற?"

அவன் லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டான். அவளை நேராகப் பார்த்தான். அவன் கண்ணில் அவள் அதுவரை பார்த்திராத ஏதோ ஒன்று இருந்தது.

"நான் பெட்டிக்குப் பின்னாலதான் இருந்தேன். கையிதான் கயித்தக் கட்டுச்சு. காது சும்மாத்தான் இருந்துச்சு. அத்தனையும் கேட்டேன்."

"ஞானம்..."

"நீ அவரு தலை குனிஞ்சாப் போதும்னு நெனச்ச. குனிஞ்சாரு, உடனே நிமிந்துட்டாரு. எனக்கு அது பத்தாதுக்கா."

லாரி கிளம்பிவிட்டது. கண்மணி கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள். "எறங்குடா! டேய், எறங்கு!" என்று கத்தினாள். ஞானவேல் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

பின்னாலேயே வந்த சண்முகவள்ளி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போறான் போகட்டும் விடு. துரோகி. அவன் எதுக்குடி உனக்கு?"

"அம்மா, அவன் துரோகி இல்ல. அந்தாளு வீட்டுலயே தங்கி, அங்கயே சாப்பிடப்போறான். அந்தாளுக்கு ரசம் வைக்கிற செம்பும் அங்கதான் இருக்கு. அந்த வெச ஈயத்த எடுத்துட்டுப் போறாம்மா."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காலையிலிருந்து பழி பழி என்று பேசின வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மகளின் கையை இறுகப் பற்றினாள்.

"அய்யோ, என் பிள்ளையத் தூக்குல போட்டுருவாகளேடி" என்றாள். "கெஞ்சிக் கேக்குறேன், ஓடிப்போயி அந்த நல்லுசாமியக் காப்பாத்துடி."

லாரி மூஞ்சிக்கல் வளைவில் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது.